கியர் பிடிக்கும் கை

ஜனவரி 11

அன்புள்ள தம்பி,

நான் நன்றாக இருக்கிறேன். இடுப்பு வலி போன இடம் தெரியவில்லை. உன் நெஞ்செரிச்சல் எப்படி இருக்கிறது? காப்பியைக் குறைத்தாயா, குறைத்ததாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாயா? உன் குட்டிப் பெண் சில்வண்டுக்குச் சளி விட்டதா?

போனை எடுக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. போனில் நீ "அக்கா" என்று ஒரு இழுப்பு இழுத்தால் போதும், என் வாய் என்னைக் கேட்காமலே "சரிடா" என்று சொல்லிவிடும். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. எழுதி முடிப்பதற்குள் புத்தி வந்துவிடுகிறது. அதனால் இனி நமக்குள் கடிதம்தான்.

நீ குறுஞ்செய்தியில் கேட்டதற்குப் பதில்: முடியாது. உன் மனைவிக்கு இரண்டு வருஷ மேல்படிப்பு கிடைத்திருப்பது பெரிய விஷயம். நர்ஸ் வேலையில் அது லேசில் வராது. ஜூன் மாதம் சந்தோஷமாகப் போகச் சொல். ஆனால் சில்வண்டைப் பார்த்துக்கொள்ள நான் உன் வீட்டுக்கு வர முடியாது.

ஏன் என்று கேட்பாய். முதலில் உட்கார். தையல் ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டேன். வீட்டையும் காலி செய்துவிட்டேன். பஸ் டிரைவர் பயிற்சியில் சேர்ந்திருக்கிறேன். பெரிய பஸ், ஊரே ஏறுகிற பஸ். பெண்களையும் எடுக்கிறோம் என்று டிப்போ சுவரில் ஒட்டியிருந்தார்கள். நாற்பத்தாறு வயதில் வரம்புக்குள் தொற்றிக்கொண்டு நின்றேன். ஃபேக்டரியில் துணி மூட்டை ஏற்றுகிற வேனை ஓட்டி லைசென்ஸ் வைத்திருந்தது கைகொடுத்தது.

டிப்போ விடுதியில் அறை தந்திருக்கிறார்கள். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். முதல் நாள் அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டுத் திறந்தேன், பைத்தியம் மாதிரி. அம்மா போனதிலிருந்து நான் தாழ்ப்பாள் போட்டது குளியலறையில் மட்டும்தான். அங்கேயும் நீ வெளியே நின்று கதவை இடிப்பாய். நீ வேலைக்குப் போன பிறகு அப்பாவின் இருமல் காதில் விழ வேண்டும் என்று கதவைத் திறந்தே போட்டிருந்தேன். போன வருஷம் அவரும் போய்ச் சேர்ந்தார். இப்போது மூடிக்கொள்கிறேன்.

இங்கே ஒரு விதி. பயிற்சியின் நடுவில் ஒரு வாரம் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். அதனால் "சும்மா ஒரு எட்டு வந்துட்டுப் போ" என்றும் எழுதாதே.

நர்ஸம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அக்கா


ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூவரும் சுகம். சளி விட்டது, இருமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காப்பியைக் குறைத்தேன். உன் கடிதம் வந்த அன்று மட்டும் இரண்டு சேர்த்துக் குடித்தேன்.

உட்காரச் சொல்லியிருந்தாய். நான் நின்றுகொண்டே படித்தேன், பிறகு தானாக உட்கார்ந்தேன். ஸ்டாஃப் ரூமில் இருந்தவர்கள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அக்கா, ஆசிரியர்களாகப் போகிறவர்களுக்கு மனித வளர்ச்சிப் பாடம் நடத்துகிறவன் நான். தொழில் புத்தி போகாது, பொறுத்துக்கொள். மனித வாழ்க்கையை எட்டுக் கட்டங்களாகப் பிரித்துச் சொல்லும் கோட்பாடு ஒன்று உண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் மனதுக்கு ஒரு வேலை. கைக்குழந்தைக்கு, இந்த உலகத்தை நம்பலாமா என்பது. நடக்க ஆரம்பித்ததும், நானே செய்வேன் என்ற பிடிவாதம். நாலாவது, பள்ளி வயதில், என்னால் ஒரு வேலையைச் செய்து காட்ட முடியும் என்ற பெருமை. ஐந்தாவது, பதின்ம வயதில், நான் யார் என்ற குடைச்சல். நாற்பதைத் தாண்டினால் ஏழாவது கட்டம். அடுத்த தலைமுறையை வளர்த்து ஆளாக்குவதில்தான் அந்த வயதில் மனம் நிறைகிறது. செய்யத் தவறியவர்கள் தேங்கிப்போகிறார்கள். நீ தேங்கிவிடக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

சில்வண்டின் அறையிலேயே உனக்கும் ஒரு கட்டில் வாங்கிப் போட்டுவிட்டேன். சுவரோரம், காற்று வரும். அவள் உன் மேல் உயிராக இருக்கிறாள்.

நேற்று அவளிடம் ஒரு சோதனை செய்தேன். ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் ஒரே அளவு தண்ணீர். அவள் பார்க்கும்போதே ஒன்றை உயரமான ஒல்லி டம்ளருக்கு மாற்றினேன். "எதில் அதிகம்?" என்றேன். "ஒல்லியில்" என்றாள். நாலு வயதில் எல்லாக் குழந்தையும் அப்படித்தான் சொல்லும். அளவு மாறவில்லை என்பது ஏழு வயது வாக்கில்தான் புரியும். "எப்படிம்மா அதிகமாச்சு?" என்று கேட்டேன். "நீங்கதானே ஊத்துனீங்க, உங்களுக்கே தெரியலையா?" என்று போய்விட்டாள்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா, அக்கா? அவ்வளவு பெரிய வண்டி உனக்கு எதற்கு? வீட்டுக்கு வா.

தம்பி


பிப்ரவரி 3

அன்புள்ள வாத்தியாரே,

நலம். உள்ளங்கையில் காய்ப்பு ஏறியிருக்கிறது, அது நோயில்லை. சில்வண்டின் இருமலுக்கு வெந்நீர் கொடு, கோட்பாடு கொடுக்காதே.

ஒல்லி டம்ளர் விஷயம் எனக்கும் தெரியும். பால் குறைந்த நாளில் உனக்கு அதில்தான் ஊற்றுவேன். நிறைய இருக்கிறது என்று குதிப்பாய். ஒரு நாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "என்னை ஏமாத்தாதே, ரெண்டும் ஒண்ணுதான்" என்றாய். பிள்ளை வளர்ந்துவிட்டான் என்று சந்தோஷப்படுவதா, இனி பாலுக்கு என்ன செய்வது என்று அழுவதா, எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் செய்தேன்.

பள்ளி வயதுப் பிள்ளை ஒரு வேலையைச் செய்து காட்டிப் பெருமைப்படும் என்று எழுதியிருக்கிறாய். அம்மா போனபோது எனக்குப் பதினொன்று, உனக்கு மூன்று. என் வகுப்பில் மற்றப் பிள்ளைகள் காகிதத்தில் கப்பல் செய்தார்கள், கம்பளி நூலில் பூ செய்தார்கள். நான் உன்னைச் செய்தேன். நன்றாகத்தான் வந்திருக்கிறாய். வாய்தான் கொஞ்சம் நீளம்.

ஐந்தில் வளையாதது என்று பழமொழி சொன்னாய். ஐந்தில் என்னை யாரும் வளைக்கவில்லை. பதினொன்றில்தான் வளைத்தார்கள். இப்போது நிமிர்கிறேன், அதுதான் உனக்குச் சத்தமாகக் கேட்கிறது.

இங்கே எங்கள் பயிற்சியாளருக்கு "ஹாரன்" என்று பெயர் வைத்திருக்கிறோம். பேசினால் மூன்று தெருவுக்குக் கேட்கும். மைதானத்தில் தகர டிரம்களை வரிசையாக நிறுத்தி, நடுவில் பஸ்ஸைப் பின்னால் எடுக்கச் சொல்வார். என்னோடு படிக்கிற பெண்களுக்கெல்லாம் இருபத்தைந்து, முப்பது வயது. டிரம்மை இடித்தால் அவர்கள் அழுகிறார்கள். நான் இறங்கி, டிரம்மை நிமிர்த்திவிட்டு, திரும்ப ஏறுகிறேன். "இந்தம்மாவுக்கு வெக்கமே கிடையாது, இவங்கதான் பாஸாவாங்க" என்று ஹாரன் கத்துகிறார். என் கையைப் பற்றி அவர் திட்டுவது வேறு கதை. அதை விடு.

கட்டில் போட்டிருப்பதாக எழுதினாய். அந்த அறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டா?

அக்கா


பிப்ரவரி 15

அக்காவுக்கு,

அனைவரும் நலம். நீயும் நலம் என்று உன் எழுத்திலேயே தெரிகிறது.

ஒளிக்காமல் சொல்கிறேன். உனக்கு வந்திருப்பதற்கு என் பாடத்தில் பெயர் இருக்கிறது. தள்ளிப்போய் வந்த வளரிளம் பருவம். தனி அறை, தாழ்ப்பாள், எதைக் கேட்டாலும் முடியாது, பெரியவர்கள் சொன்னால் நக்கல், புதிதாக ஒரு கூட்டாளிக் கூட்டம். பதினைந்து வயதுப் பிள்ளைக்குரிய அறிகுறி ஒன்றுகூட விடுபடவில்லை. பதினைந்தில் வந்தால் வீடு தாங்கும். நாற்பத்தாறில் வந்தால் யார் தாங்குவது?

வருஷா வருஷம் வகுப்பில் நான் உன்னைத்தான் உதாரணமாகச் சொல்கிறேன். உனக்கு அது தெரியாது. பதினொரு வயதிலேயே ஏழாவது கட்டத்தை எட்டிய ஒரு பெண் இருந்தாள் என்று ஆரம்பிப்பேன். தம்பியை வளர்த்த கதையைச் சொல்வேன். பின் வரிசையில் எப்போதும் தூங்குகிறவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள், சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். இந்த வருஷம் அந்தப் பாடம் அடுத்த வாரம் வருகிறது. என்ன சொல்லட்டும்? தம்பி கூப்பிட்டபோது பஸ் ஓட்டப் போய்விட்டாள் என்று முடிக்கட்டுமா?

தாழ்ப்பாள் வேண்டுமென்றால் போட்டுத் தருகிறேன். அது ஒரு பெரிய விஷயமா?

தம்பி


பிப்ரவரி 24

தம்பிக்கு,

உடம்பு சுகம். மனசுக்குத்தான் இன்றைக்குச் சூடு.

ஆமாம், எனக்குப் பதினைந்து வயதுதான். சரியாகக் கண்டுபிடித்தாய், படித்த படிப்பு வீண்போகவில்லை. பதினைந்தில் எனக்கு வர வேண்டியது ஒன்று வந்துதான் பார்த்தது. நான் உன் பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டிருந்தேன். வீட்டில் ஆள் இல்லை என்று திரும்பிப் போய்விட்டது. இப்போது நானே தேடிக்கொண்டு போகிறேன். யார் தாங்குவது என்று கேட்கிறாய். உன் பதினைந்தை யார் தாங்கினார்கள்? கதவை உதைத்தாய், தட்டை வீசினாய், "நீ என்ன என் அம்மாவா?" என்றாய். நான் ஏதாவது பெயர் வைத்தேனா?

ஏழாவது கட்டத்தை எட்டினேனாம். எட்டவில்லையடா. தூக்கிப் போட்டார்கள். நாலாவதில் நின்றவளை ஏழாவதில் போட்டார்களே, நடுவில் இருந்த இரண்டும் எங்கே போயின என்று உன் வகுப்பில் ஒருத்தராவது கேட்டார்களா? கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம். துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் அவரவர் அக்காவிடம் சோறு போடச் சொல்லியிருப்பார்கள்.

ஐந்தாவது என்ன என்று நீயே எழுதிவிட்டாய். ஆறாவதை எழுதவில்லை. டிப்போ பக்கத்தில் நூலகம் இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொண்டேன். துணை தேடிக்கொள்ளும் வயதாம். அதைப் பற்றி நான் உனக்கு ஒன்றும் எழுதப்போவதில்லை.

உன் பாடத்திலிருந்து என்னை அடுத்த ஸ்டாப்பில் இறக்கிவிடு. வண்டி நிற்காவிட்டாலும் குதித்துவிடுவேன்.

சில்வண்டுக்கு முத்தம். அவள் ஒரு குற்றமும் செய்யவில்லை.

அக்கா


ஏப்ரல் 19

அன்புள்ள தம்பி,

நலம். நீங்கள் மூவரும் எப்படி? உன்னிடமிருந்து கடிதம் வந்து ரொம்ப நாளாகிறது. தபால்காரரைப் பார்த்தால் நான் கேட்காமலே உதட்டைப் பிதுக்குகிறார்.

நேற்று டிரைவிங் தேர்வு. ஃபெயில். மற்றவர்கள் எல்லோரும் பாஸ். ஜூன் மாதம் இன்னொரு வாய்ப்பு தருவார்கள், அதுதான் கடைசி. அதிலும் போனால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கு இப்போது வீடும் இல்லை.

ஏன் ஃபெயில் என்று கேட்காதே. பிரேக் போட்டபோது ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அவ்வளவுதான்.

உனக்கு இது நல்ல செய்தியாக இருக்கும். சந்தோஷப்பட்டுக்கொள். நான் இங்கேதான் இருப்பேன்.

அக்கா


மே 2

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் சுகம். உங்கள் கை கால் எல்லாம் நலம்தானே? நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவள். வார்டில் குறிப்பு எழுதுகிற மாதிரி எழுதிவிட்டால் மன்னியுங்கள்.

உங்களைக் கூப்பிடச் சொல்லி நான் கேட்கவே இல்லை. அவர் கூப்பிட்டதே உங்கள் முதல் கடிதம் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். இங்கே தெருமுனையில் நல்ல குழந்தைகள் காப்பகம் இருக்கிறது. கல்லூரியும் சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும். அவர் ஒருவராலேயே பார்த்துக்கொள்ள முடியும். ஆனால் அவருக்குப் பயம், அண்ணி. வெளியே சொல்லமாட்டார். சில்வண்டைத் தூங்கவைக்க அவருக்குத் தெரியாது. போன வாரம் தரையில் புரண்டு அழுதாள். இவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இது ரெண்டாவது கட்டத்தோட மிச்சம்" என்று அவளுக்கே விளக்கிக்கொண்டிருந்தார். அவள் இன்னும் சத்தமாக அழுதாள். கடைசியில் இரண்டு பேரையும் நான்தான் தூக்கிவிட்டேன்.

உங்கள் கடிதங்களை எடுத்து எடுத்துப் படிக்கிறார். பதில் எழுதக் காகிதம் எடுக்கிறார், தேதி போடுகிறார், பிறகு விடைத்தாள் திருத்தப் போய்விடுகிறார். அந்தப் பாடத்தை இந்த வருஷம் அவர் நடத்தவில்லை. வேறு ஒருவரை நடத்தச் சொல்லிவிட்டார்.

ஏன் தோற்றீர்கள் என்று அவர் கேட்கமாட்டார். நான் கேட்கிறேன். நன்றாக ஓட்டுகிறவர் கையை ஏன் எடுத்தீர்கள்?

உங்கள் தம்பி மனைவி


மே 10

அன்புள்ள நர்ஸம்மா,

சுகம். உன் எழுத்து வார்டுக் குறிப்பு மாதிரி இல்லை. நேராக இருக்கிறது, அதனால் உனக்கு மட்டும் சொல்கிறேன்.

பிரேக்கை அழுத்தினால் என் கியர் பிடிக்கும் கை தானாகப் பக்கத்து இருக்கைக்குப் பாய்கிறது. அங்கே உட்கார்ந்திருக்கிறவர் முன்னால் விழாமல் பிடிக்க. நான் நினைத்துச் செய்வதில்லை. தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்களே, இது நிஜமாகவே தசை.

உன் புருஷனை அந்தக் காலத்தில் தடுப்பூசிக்கும் பள்ளிக்கும் பஸ்ஸில்தான் கூட்டிக்கொண்டு போவேன். ஜன்னல் பக்கம் அவன், பக்கத்தில் நான். ஒரு தடவை டிரைவர் பிரேக் போட்டதில் முன்சீட்டுக் கம்பியில் வாயை இடித்துக்கொண்டான். பால் பல் பாதி உடைந்து, சட்டையெல்லாம் ரத்தம். எனக்குப் பன்னிரண்டு வயது. ஒருத்தர்கூட என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. அன்றிலிருந்து வண்டி குலுங்கினால் என் கை அவன் மார்புக்குக் குறுக்கே நின்றது. அவன் வளர்ந்தான், காலேஜ் போனான், கல்யாணம் செய்துகொண்டான். கைக்கு அந்தச் செய்தி வந்துசேரவில்லை. ஃபேக்டரி வேனில் பக்கத்தில் துணி மூட்டைதான் இருக்கும். மூட்டையைப் பிடித்தால் யார் என்ன கேட்கப் போகிறார்கள்? அதனால் எனக்கே தெரியாமல் இருந்துவிட்டது.

இங்கே பக்கத்தில் ஹாரன். தினமும் அவர் மார்பில் ஒரு அடி. "யம்மா, நான் என்ன உன் புள்ளையா?" என்று கத்துவார். தேர்வன்று அதிகாரி உட்கார்ந்திருந்தார். குறுக்கே ஒரு சைக்கிள் வந்தது. பிரேக் போட்டேன். கை அவர் மார்பில் பளார் என்று விழுந்து, அவர் பேனா ஜன்னல் வழியாக ரோட்டுக்குப் போய்விட்டது. மனிதர் நல்லவர். மூச்சு வந்ததும், "அம்மா, என்னை யாரும் இவ்வளவு பத்திரமா பிடிச்சதில்ல. ஆனா ஃபெயில்" என்றார்.

இப்போது ஹாரன் ஒரு வழி செய்திருக்கிறார். பக்கத்து இருக்கையில் ஒரு மணல் சாக்கை உட்காரவைக்கிறார். நான் வேகமாகப் போய் பிரேக் போட வேண்டும். சாக்கு முன்னால் விழும். நான் பிடிக்கக் கூடாது. "விழட்டும்மா, விழட்டும்!" என்று பின்னால் நின்று கத்துகிறார். வெறும் மணல்தான், எனக்குத் தெரியாதா? ஆனாலும் அது சரிந்தால் கை முந்தப் பார்க்கிறது. முதல் வாரம் முழுக்கப் பிடித்துவிட்டேன். நேற்று இரண்டு தடவை விழவிட்டேன். கீழே இறங்கி, யாரும் பார்க்காமல் அந்தச் சாக்கைத் தட்டிக்கொடுத்தேன். சிரிக்காதே.

இதை அவனிடம் சொல்லாதே. சொன்னால் ஒன்று வகுப்புக்கு உதாரணமாக எடுத்துக்கொள்வான், இல்லாவிட்டால் மனசு உடைந்துபோவான். இரண்டும் எனக்கு வேண்டாம்.

நீ படிக்கப் போ. திரும்பிப் பார்க்காமல் போ.

அக்கா


ஜூன் 1

அன்புள்ள அக்கா,

நீ சுகமா? நாங்கள் சுகமாக இல்லை.

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை, விடு. ஞாயிற்றுக்கிழமை இவள் படிக்கக் கிளம்புகிறாள். சில்வண்டுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். அம்மா பெட்டி கட்டுவதைப் பார்த்ததிலிருந்து என்னைக் கிட்டே விடுவதில்லை. தொட்டால் கத்துகிறாள். அம்மா அறையை விட்டுப் போய்த் திரும்பி வந்தால் குழந்தைகள் எப்படி நடந்துகொள்ளும் என்பதை வைத்து எத்தனையோ ஆராய்ச்சி இருக்கிறது. எல்லாவற்றையும் படித்திருக்கிறேன். அம்மா திரும்பி வராத சாயங்காலத்தில் அப்பா என்ன செய்ய வேண்டும் என்று ஒன்றிலும் இல்லை.

ஒரு மாதம் மட்டும் வா. தேர்வு அடுத்த வருஷமும் வரும், நான் யாரையாவது பார்த்துப் பேசுகிறேன். கோட்பாடு எதுவும் சொல்லவில்லை, கெஞ்சுகிறேன். எந்தக் காலத்திலும் நீ என்னை விழவிட்டதில்லை, அக்கா. இப்போது விட்டுவிடாதே.

தம்பி


ஜூன் 5

தம்பி,

நலம். காய்ச்சல் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். தெருவில் டாக்டர் இருக்கிறார், வீட்டில் நீ இருக்கிறாய்.

நான் வரமாட்டேன். விழுந்தால் எழுந்திரு.

அக்கா


ஜூலை 9

அன்புள்ள அக்கா,

நானும் சில்வண்டும் நலம். நிஜமாகவே நலம். அவள் அம்மா விடுதியில் நன்றாகச் சாப்பிடுகிறாளாம். நீ எப்படி இருக்கிறாய்? தேர்வு முடிந்திருக்கும். நீயாகச் சொல்லும்வரை கேட்கக் கூடாது என்று இருந்தேன், கேட்டுவிட்டேன்.

உன் இரண்டு வரிக் கடிதத்தைப் படித்து மூன்று நாள் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். நாலாவது நாள் திட்ட நேரமில்லை. அவளுக்குத் தலை வாருவது, சாப்பிடவைப்பது, காப்பகத்துக்குக் கொண்டுபோய் விடுவது, இதற்குள் எனக்கு நாக்கு வெளியே தள்ளிவிடுகிறது. வாரிய தலையைப் பார்த்துக் காப்பகத்து ஆயா, "யாரு சார் இது, காத்துல வந்த புள்ளையா?" என்றாள். இப்போது கொஞ்சம் தேறிவிட்டேன். உனக்காக வாங்கிய கட்டிலில் நான் படுத்துக்கொள்கிறேன். தூங்கவைப்பது எப்படி என்று கண்டுபிடித்துவிட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே கதையைத் தப்புத் தப்பாகச் சொல்ல வேண்டும். அவள் திருத்தித் திருத்திக் களைத்துத் தூங்கிவிடுகிறாள்.

பாடக் குறிப்பிலிருந்து உன்னை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் வேறு உதாரணம் எதுவும் போடவில்லை. அடுத்த வருஷம் நடுவில் விடுபட்ட கட்டங்களைப் பற்றி ஒரு கேள்வி கேட்கப் போகிறேன். பதில் எனக்குத் தெரியாது என்றும் சொல்லப் போகிறேன்.

ஒரு சின்ன விஷயம். நேற்று சில்வண்டோடு பஸ்ஸில் போனேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். திடீரென்று பிரேக். எனக்கு ஒன்றும் தோன்றுவதற்கு முன்னாலேயே என் கை அவள் மார்புக்குக் குறுக்கே போய் நின்றுவிட்டது. கம்பிக்கும் அவள் வாய்க்கும் நடுவில். அவள் கவனிக்கக்கூட இல்லை. எனக்கு இதை யாரும் சொல்லித்தந்ததில்லை. எந்தப் புத்தகத்திலும் படித்ததாக நினைவில்லை. எங்கிருந்து வந்தது, அக்கா? இவள் அம்மாவிடம் போனில் சொன்னேன். "உங்க அக்காவ கேளுங்க" என்று வைத்துவிட்டாள்.

தம்பி


ஜூலை 19

அன்புள்ள தம்பி,

நான் சுகம். நீ சுகமாக இருப்பதை இந்தத் தடவை நீ சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை, எழுத்தே சொல்கிறது. தலை வாருவதற்கு முன்னால் கொஞ்சம் தண்ணீர் தொட்டுக்கொள்.

பாஸ் செய்துவிட்டேன். ஒரு மாதமாயிற்று. நீ கேட்கட்டும் என்று இருந்தேன்.

ஜூனில் நீ கெஞ்சி எழுதினாயே, அன்றைக்குப் பையைக் கட்டிவிட்டேன். துணியெல்லாம் வைத்து, ஜிப்பை இழுத்து, செருப்புப் போட்டாயிற்று. தாழ்ப்பாளைத் திறக்கப் போனபோது எனக்கு ஆத்திரம் வந்தது. உன்மேல் வந்ததா, என்மேல் வந்ததா, பதினொரு வயதில் என்னிடம் கேட்காமல் உன்னை இடுப்பில் ஏற்றிவிட்டவர்கள்மேல் வந்ததா, தெரியாது. செருப்பைக் கழற்றி எறிந்தேன். அது ஜன்னல் கம்பியில் பட்டுத் திரும்பி என்மேலேயே விழுந்தது. பிறகு உட்கார்ந்து உனக்கு அந்த இரண்டு வரியை எழுதினேன். கல் மனசு என்று நினைத்திருப்பாய். நினைத்துக்கொள்.

தேர்வன்று அதே அதிகாரி. இந்தத் தடவை பேனாவைச் சட்டைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு ஏறினார். கடைத்தெரு வளைவில் ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது. பிரேக்கை மிதித்தேன். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. அவர் முன்னால் சாய்ந்து, அவரே கம்பியைப் பிடித்துக்கொண்டார். நாய் பிழைத்தது. ஹாரன் டிப்போ வாசலில் நின்று கத்தியது உன் ஊருக்கே கேட்டிருக்க வேண்டும். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் அறைக்கு வந்து தாழ்ப்பாள் போட்டதும் கியர் பிடிக்கும் கையைப் பார்த்து அழுதேன். அதில் இருந்த எதுவோ போய்விட்டது, எங்கே போயிற்று என்றும் தெரியவில்லை.

உன் கடிதத்தைப் படித்த பிறகு தெரிந்துவிட்டது.

எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தாய். எந்தக் கட்டத்திலும் தேடாதே. அது என் கை. உன் பால் பல் உடைந்த நாளிலிருந்து ஒவ்வொரு பஸ்ஸிலும் உன் மார்புக்குக் குறுக்கே நின்ற கை. நீ கவனித்ததே இல்லை, ஜன்னலில் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாய். ஏப்ரலில் நான் தோற்றதும் அதனால்தான். இப்போது உன்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. வைத்துக்கொள். நான் திருப்பிக் கேட்கமாட்டேன், நீயும் திருப்பித் தராதே.

அடுத்த மாதத்திலிருந்து எனக்கு ரூட் தருகிறார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து ரயில் நிலையம் வரை. சில்வண்டைக் கூட்டிக்கொண்டு வா. வந்தால் மற்றவர்கள் மாதிரி டிக்கெட் வாங்கு, டிரைவருடன் பேச்சுக் கொடுக்காதே. அவளை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து நீ பக்கத்தில் உட்கார்.

நான் பிரேக் போடுவேன். பிடிக்க வேண்டியது நீ.

அக்கா
டிரைவர்